நீ சொல்லாமல் விட்ட பாதை

கெல்சென்கிர்ச்சன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் சுகிர்தனும் மெல்பேர்னில் அப்படியே இருக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை ஹம் நகரத்து அம்மன் கோயிலில் உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்தோம். கோபத்திலும் அதைத் தவறவிடவில்லை. இங்கே குளிர் குறைந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் நோ முன்பைப் போல இல்லை, படி ஏறத் தேவையில்லாததால் இருக்கலாம், அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன். தொலைபேசியில் பேசலாமே என்று நினைப்பாய். பேசினால் நீ இடையில் அழுவாய், நான் வைத்துவிடுவேன், போன முறை அதுதான் நடந்தது. ஆகவே எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், தெரியும். நேரம் எடுத்து வாசி. சுகிர்தனைக் கொண்டு வாசிப்பிக்காதே. நமக்கு இடையில் இன்னொருவர் வேண்டாம்.

நிற்க. எங்களுக்கு ஏலாமல் போகும் காலத்தில் வங்கி, வீடு, வைத்தியம் எல்லாவற்றையும் எங்கள் சார்பில் நீ தீர்மானிக்கலாம் என்ற அதிகாரப் பத்திரத்தில் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று கேட்டிருந்தாய். காரணம் பின்வீடு. நாங்கள் வாங்கியபோது அது பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரி முதியோர் இல்லத்தில் இருந்தா. மாசியில் அவ காலமாகி, அவவுடைய தம்பி மகன் ஜூலியன் மனைவியோடு குடி வந்திருக்கிறான். முதல் நாளே ஆப்பிள் கேக் ஒன்றோடு எங்கள் வாசலில் நின்றான். நல்ல பெடியன். கேக்கைத் தந்துவிட்டு, வீட்டின் பக்கவாட்டில் நான் அடித்த வெளிக்குசினியை, அம்மா மீன் பொரிக்கவென்று கட்டிய அந்தத் தகரக் கூரைக் குசினியைப் பார்த்து, இதை எப்போது கழற்றப் போகிறீர்கள் என்று கேட்டான். பகிடி விடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. தெருவிலிருந்து தன் வீட்டுக்குப் போக வேறு வழியே இல்லை, எங்கள் காணிக்குள்ளால் நடக்கவும் கார் ஓட்டவும் பின்வீட்டுக்கு உரிமை இருக்கிறது, காணிப் பதிவில் எப்போதோ எழுதியாயிற்று என்றான். தொழிற்சாலையில் பொறுக்கிய என் டொச்சுக்கு, அந்த அரைகுறை ஜெர்மன் மொழிக்கு, அவ்வளவும் விளங்கியது. பிறகு சொன்னான், உங்கள் மகளுக்கு இது தெரியும், அவ இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று நானும் பின்வீட்டுக்கு வந்திருந்தேன், அவவோடு கதைத்தேன், அப்பாவுக்கு நான் விளங்கப்படுத்துகிறேன் என்று சொன்னா. அவன் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். உன்னிடம் கேட்கும்வரை அப்படியே நினைத்திருந்தேன்.

வீட்டை எழுதி வாங்கிய அன்று நாம் இருந்த நோட்டாரின் அறையைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நீளமான மேசை. தண்ணீர்ப் போத்தல்கள். வீட்டு உறுதியை ஒரு சொல் விடாமல் உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்து என்று இந்த நாட்டில் வைத்திருக்கும் ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. டொச் போதிய அளவு விளங்குமா என்று அவர் என்னைக் கேட்டார். நீ எனக்கு முன்னால் தலையாட்டினாய், நானும் ஆட்டினேன், நீ பக்கத்தில் இருக்கும்போது எனக்கு என்ன குறை. அவர் பூசை மந்திரம் போல வேகமாக வாசித்துக்கொண்டு போனார். நடுவில் நான் உன் முழங்கையைத் தொட்டு, இதுக்குள்ளால ஆருக்கும் வழிவாய்க்கால் இருக்கோ எண்டு ஒருக்காக் கேள் பிள்ளை என்றேன். ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். ஊரில் எங்கள் வளவுக்குள்ளால் பெரியப்பாவுக்கு இருந்த ஒரு பாதைக்காக வழக்குப் பேசி, ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகாமல் விட்ட குடும்பம் இது. அதைச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். நீ அவர் பக்கம் திரும்பிக் கேட்டாய். அவர் வாசிப்பை நிறுத்தினார். பொறுமையாக, நீளமாகப் பதில் சொன்னார். விரலால் மேசையில் ஒரு கோடு கூட இழுத்துக் காட்டினார். நீ என்னிடம் திரும்பினாய். ஒண்டுமில்லை அப்பா, எல்லா வீட்டுக்கும் இருக்கிற வழமையான விசயந்தான். நான் பேனையை எடுத்தேன்.

அந்தக் கோட்டின் மேல்தான் குசினியைக் கட்டியிருக்கிறேன்.

சொல்லியிருந்தா நீங்கள் வாங்கியிருக்க மாட்டியள் அப்பா, எத்தினை வீடு பாத்து எத்தினையை வேண்டாம் எண்டனீங்கள், அம்மா இன்னும் நாலாம் மாடி ஏறிக்கொண்டு இருந்திருப்பா என்று தொலைபேசியில் சொன்னாய். சரி. உனக்கு மெல்பேர்னுக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று, எங்களை ஓரிடத்தில் இருத்திவிட்டுப் போக நினைத்தாய், அதுவும் சரி. ஒருவேளை நீ சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஒருவேளை மாட்டேன். அந்த ஒருவேளை என்னுடையது, லக்சிகா. அதை நீ எடுத்துக்கொண்டாய். நானும் அம்மாவும் ஒரு சனிக்கிழமை முழுவதும் குசினியைக் கழற்றினோம், ஜூலியன் தானும் வந்து தகரம் பிடித்தான், எனக்கு அவன் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. அம்மா இப்போது பழையபடி நிலவறையில்தான் மீன் பொரிக்கிறா, மணம் உடுப்பிலெல்லாம் ஏறுகிறது, ஆனாலும் அவவுக்கு உன்மேல் கோபம் இல்லை. பிள்ளை நல்லதுக்குத்தானே செய்தவள், நீங்கள் ஒரு வீட்டுக்காவது ஓம் எண்டனீங்களே, கேட்டால் பாதையாம் பாதை என்று எனக்குத்தான் ஏச்சு.

பாதையில் கார் போவது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறு. எட்டு வயதிலிருந்து நீ என் வாயாகவும் காதாகவும் இருந்தாய். வைத்தியர், வீட்டுக்காரன், பள்ளிக்கூடம், வெளிநாட்டவர் அலுவலகம். அதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். உன் வகுப்பாசிரியை எப்போதும் உன்னைப் புகழ்ந்தா, அதை மொழிபெயர்த்தவளும் நீதான், அதை நினைத்து ஒரு நாள் தனியாகச் சிரித்தேன். அம்மாவின் சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் நிறையப் பேசினார், நீ சின்ன விசயம் என்றாய். எது சின்னது? அலுவலகத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் என்னைப் பார்த்து மூச்சு விடாமல் ஏதோ சொன்னான், இன்னொரு நாள் வரட்டாம் அப்பா என்றாய், உன் காது சிவந்து போயிருந்தது. அன்று குளிர் என்று நினைத்தேன். அவன் சொன்னதை நீ எங்கே வைத்தாய்? ஒரு குழந்தை அதை எனக்குத் தராமல் தன்னிடம் வைத்துக்கொண்டது என்று விளங்குகிறது. அதற்காக உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருக்கிறது. ஆனால் அன்று பழகியதைத்தான் நோட்டாரின் அறையிலும் செய்தாய். அங்கே நீ குழந்தை இல்லை. நானும் இல்லை.

போன கிழமை உன் அதிகாரப் பத்திரத்துக்காக நோட்டாரிடம் டெர்மின் எடுத்து, அவர் குறித்துத் தந்த நேரத்துக்குப் போனேன். டோர்ட்மண்டில் இருக்கும் பத்மப்ரியா என்ற மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தா, முன்பின் பழக்கம் இல்லாதவ. வரிக்கு வரி சொன்னா. நோட்டார் தன் உதவியாளரிடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னதையும் சொன்னா. நான் எந்த ஆஸ்பத்திரியில் இருப்பது, எப்போது வைத்தியத்தை நிறுத்துவது, இந்த வீட்டை யாருக்கு விற்பது, எல்லாம் நீ சொல்லலாம் என்று அதில் இருக்கிறது. இவ்வளவும் உனக்குத் தெரியும், என்னிடம் ஒரு சின்னக் கையெழுத்து அப்பா என்றுதான் சொன்னாய். குடும்பத்தில் டொச் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லையா என்று நோட்டார் கேட்டார். இல்லை என்று நானே டொச்சில் சொன்னேன். சொல்லிவிட்டு, கையெழுத்து வைக்காமல் பேனையைத் திரும்ப வைத்தேன்.

வேறு யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்க மாட்டேன். உனக்கும் இப்போது இல்லை. கோடை விடுமுறைக்கு வருவாய் அல்லவா, வா. சாப்பாட்டு மேசையில் என் முன்னால் இரு. வீட்டு உறுதியை எடுத்து முதல் வரியிலிருந்து எனக்குத் தமிழில் சொல். விளங்காத சொல் வந்தால் விளங்கவில்லை என்று சொல், தாண்டிப் போகாதே. பாதை வரும் இடத்தில் நிறுத்து. அவர் இழுத்த கோட்டை நீயும் உன் விரலால் மேசையில் இழுத்துக் காட்டு. அதன் பிறகு என்னிடம் கேள்.

அம்மன் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, சுகிர்தனின் தாய் தகப்பனுக்கு எங்கள் அன்பைச் சொல். ஒன்றை மறக்காதே. வந்து இறங்கும்போது காரை வீட்டுக்குப் பக்கத்தில் விடச் சொல்லாதே. அந்தப் பாதையால் ஜூலியன் போக வேண்டும்.

என்றும் உன் நன்மையை வேண்டும்
அப்பா
இராசலிங்கம்