பால் பாத்திரத்தில் எடுத்த அளவு

என்னங்க,

சாப்பாட்டை அடுப்புமேல் மூடி வைத்திருக்கிறேன். மேசைமேல் தேடாதீர்கள், அங்கே கல்யாண ஆர்டர் கிரீடம் காய்கிறது. நான் பாசிமணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போகிறேன். ஊசி கோத்துக் கோத்துக் கண்ணெல்லாம் எரிகிறது. ஆனாலும் நான்தானே போகவேண்டும்.

கல்யாணப் பெண்ணின் அக்கா சாயங்காலம் வருவார். கிரீடத்தையும் சிப்பி ஒட்டிய போட்டோ சட்டத்தையும் கொடுத்துவிடுங்கள். "வீடு முழுக்கக் கம்பியும் பசையும், உக்கார எடமில்ல" என்று அவரிடமும் ஆரம்பிக்க வேண்டாம். என்னிடம் சொன்னதே போதும்.

ஒன்றுதான் உறுத்துகிறது. கல்யாணப் பெண்ணின் தலையும் உங்கள் தலையும் ஒரே அளவு. சண்டைக்குப் பிறகு நீங்கள் முகம் கொடுத்தே பேசாததால், உங்கள் தலையில் அளவு பார்க்காமல் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் கம்பியை வளைத்துவிட்டேன். பசை காய்ந்ததும் ஒரு தடவை தலையில் வைத்துப் பாருங்கள். காதுக்கு மேலே அழுத்தினால் போன் பண்ணுங்கள், வந்து தளர்த்துகிறேன். வாசல் மணி அடித்தால் கழற்றிவிட்டுக் கதவைத் திறங்கள்.

நடுவில் இருக்கும் முத்து உங்கள் வெள்ளைச் சட்டையின் பொத்தான். முத்து தீர்ந்துபோச்சு. அந்தச் சட்டையை இன்றைக்குப் போடாதீர்கள்.

அழுத்தாவிட்டாலும் போன் பண்ணலாம்.