தோற்றப் பொலிவுக்கு மதிப்பெண் இல்லை

மேற்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள நஸ்ரினுக்கு,

ரோகிணி எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும் என்று இந்தக் கோபத்தோடேயே விரும்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நான் வைத்துவிடுவேன். காகிதம் என்றால் முழுதாகத் திட்டி முடிக்கலாம்.

டேராடூனிலிருந்து நேற்று வந்து சேர்ந்தேன். தெற்கில் ஐஸ் ஸ்கேட்டிங்குக்கு அளவான பனித்தளம் ஒன்றுகூட இல்லாததால் நம் தென்மண்டலக் கோப்பையை இமயமலை அடிவாரத்தில் போய் நடத்துகிறோம். இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். நாலாவதாக வந்தேன் என்றபோது சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவதாக வந்த பெங்களூர்ப் பெண் இரண்டு முறை விழுந்தாள். விழுந்து எழுந்து, மீதி மூன்று சுற்று டிரிபிள் ஜம்ப்களை விழாமல் இறக்கிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள். இசை ஒரு பக்கம் ஓடியது, அவள் ஒரு பக்கம் ஓடினாள். ஜம்ப்புக்கு ஓடுவது, ஜம்ப், மறுபடி ஓடுவது. நான் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்துக்கு நாலு நிமிஷம் ஆடினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் என் காலில் ஒரு திருப்பம் இருந்தது. அரங்கில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. நீயும்தான் கேட்டிருப்பாய்.

கேட்டுக்கொண்டே என் டபுள் ஆக்செல் ஜம்ப்பை வெட்டினாய். சுற்று முழுதாக முடியவில்லை என்று ரீப்ளே பார்த்துக் குறைத்தது டெக்னிக்கல் மேஜையில் உட்கார்ந்திருந்த நீதான். அந்த மதிப்பெண் இருந்திருந்தால் நான் மூன்றாவது. வெளிநாட்டுப் பயிற்சி முகாமுக்கு மூன்று பேர். எனக்கு இருபத்தெட்டு வயது, நஸ்ரின். இந்த முகாம் இன்னும் எத்தனை முறை வீடு தேடி வரும்?

நீ பொய் சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். காற்றில் கால்வாசிச் சுற்று குறைந்ததைப் பார்க்க உங்களிடம் காமிரா இருக்கிறது. தரையில் நாலு நிமிஷம் நடந்ததைப் பார்க்க என்ன இருக்கிறது?

இன்னும் உன் தோழிதான்,
ரோகிணி


புனே
21 செப்டம்பர் 2025

அன்பு ரோகிணி,

உன் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் வைத்துப் படித்தேன். டீ ஆறிப்போனது. நலமா என்று நீ கேட்ட விதத்துக்கு, நலம் என்று பதில் சொல்லவே பயமாக இருக்கிறது. அத்தாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் ஆக்செல் குறைவுதான். மூன்று முறை பார்த்தேன். முதல் முறை டெக்னிக்கல் அதிகாரியாக, மற்ற இரண்டு முறையும் உன் தோழியாக. மூன்று முறையும் பிளேடு ஒரே இடத்தில்தான் இறங்கியது.

அந்தப் பெங்களூர்ப் பெண்ணின் ஆட்டம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜம்ப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும், ஆனால் நாம் அதைப் பேசியதே இல்லை.

நமக்குப் பதினாலு வயதில், ஹைதராபாத்தில் நடந்த வீல் ஸ்கேட்டிங் போட்டி. நான் எல்லா ஜம்ப்பும் இறக்கினேன். நீ ஒன்றில் விழுந்தாய். நீ முதலாவது, நான் ஆறாவது. கலை மதிப்பெண்ணில் என்னைக் கீழே தள்ளியிருந்தார்கள். முழுக்கை கறுப்புச் சட்டை, தலையில் துணி. அத்தா போய்ப் பணிவாகக் கேட்டார். அந்த நடுவர், "நல்லாத்தான் குதிக்குது சார் உங்க பொண்ணு. பார்க்கத்தான் ஒண்ணுமில்லையே" என்றார். அத்தா பரிசளிப்புக்கு நிற்காமல் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி ஹப்சிகுடா வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அது உன் தப்பில்லை. நீ அன்றைக்கு அழகாகத்தான் ஆடினாய். ஆனால் அன்று முடிவு செய்தேன். ஒரு சுற்று என்றால் ஒரு சுற்று. அது ஆடுகிறவளின் முகத்தைப் பார்க்காது, உடையைப் பார்க்காது, அப்பா யார் என்று கேட்காது. அழகுக்கு மதிப்பெண் போடுகிற கையை நான் நம்ப மாட்டேன். என் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திட்டு. ஆனால் எழுது.

துஆக்களுடன்,
நஸ்ரின்


மேற்கு மாரெட்பள்ளி
2 டிசம்பர் 2025

அன்புள்ள நஸ்ரின்,

பதில் தாமதம். முதலில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பிறகு எழுத விஷயமே வந்து சேர்ந்தது.

அந்த நடுவர் சொன்னதை நீ இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கோப்பையை வீட்டு அலமாரியில் வைத்திருக்க மாட்டேன். ஆனால் உன் முடிவை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆளின் கண் கெட்டது. அதற்காக ஆட்டத்தின் பாதியைப் பார்க்கவே வேண்டாம் என்று சட்டம் போட முடியுமா? இப்போது என்ன நடக்கிறது? நடுவர்கள் பயந்துகொண்டு கலை மதிப்பெண்ணை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். ஏற்றினால் கேள்வி வரும், இறக்கினாலும் வரும். ஆகவே போட்டியை ஜம்ப் மட்டும் தீர்மானிக்கிறது. இதற்கு நியாயம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் சங்கச் செயலாளர் கிருஷ்ணகுமார் சாரை உனக்குத் தெரியும். போன மாதம் வீட்டுக்கே வந்தார். கோப்பைக்குப் புதிய மதிப்பெண் விதி கொண்டுவருகிறாராம். ஜம்ப்பின் எண்ணிக்கையைக் குறைத்து, கலைக்குப் பாதிப் பங்கு. "உன்ன மாதிரி ஆடுறவங்களுக்காகத்தான்மா இந்த ரூல். கூட்டத்துல நீ எழுந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும், ஓட்டு விழுந்துடும்" என்றார். அம்மா அவருக்கு இன்னொரு வடை வைத்தாள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. இரவெல்லாம் அடுத்த முகாமைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஹப்சிகுடாவில் ஒரு ஹோட்டல் மாடியில். விதியை அங்கேதான் முழுதாகப் படித்தேன். கலையை நாலாகப் பிரித்திருந்தார்கள். அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் என்ற பழைய மூன்று. நாலாவது, 'தோற்றப் பொலிவு'.

பேச எழுந்தேன். "சார், தோற்றப் பொலிவுன்னா எதை வச்சு அளக்கிறது?"

"அது பார்த்தாலே தெரியும்லம்மா."

"யார் பார்த்தா சார்?"

பின்னால் யாரோ "அரே, கைக்கு? எதுக்கு இத்தனை கேள்வி" என்றார்கள். கிருஷ்ணகுமார் சார் சிரித்தார். விளம்பரதாரர்கள் அதைத்தான் கேட்கிறார்களாம், போட்டோ நன்றாக வர வேண்டுமாம். "அந்த ஒரு வரியை எடுத்துடுங்க, மீதிக்கு நானே கை தூக்குறேன்" என்றேன். "மொத்தமா எடுத்தா எடு, இல்லேன்னா விடு" என்றார்.

"அப்ப நக்கோ சார், வேண்டாம்" என்றேன். எதிராக ஓட்டுப் போட்டேன். எனக்குப் பின்னால் இன்னும் சிலர் கை தூக்கினார்கள். விதி தோற்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "உனக்குன்னு தட்டுல வச்சுக் கொடுத்ததை நீயே கவிழ்த்துட்டு வந்திருக்கியேடி" என்றாள். அன்றைக்கு அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த மேடையில் நின்று என் முகத்துக்கு மதிப்பெண் வாங்க எனக்கு வெட்கமாக இருக்கும். என் காலுக்கு வாங்கத்தான் வருகிறேன்.

பழைய விதியிலேயே மார்ச் கோப்பையில் ஆடுகிறேன், அடுத்த முகாமுக்கு அதிலிருந்துதான் மூன்று பேர். குதிகாலில் வலி நிரந்தரமாகிவிட்டது. டாக்டர் டிரிபிளை மறந்துவிடச் சொல்கிறார். விழுந்து விழுந்து மதிப்பெண் பொறுக்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மிருதங்கத்துக்கு இடையே பொருந்துகிற இரண்டு ஜம்ப் மட்டும் போடுவேன். மதிப்பெண் தாளில் மற்ற ஜம்ப்களுக்கு உரிய கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும். காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம் என்பது விதி. போடுங்கள்.

ரோகிணி


புனே
17 டிசம்பர் 2025

ரோகிணி,

நீ எனக்காகச் செய்யவில்லை என்பதை நம்புகிறேன். நம்பிக்கொண்டேதான் அத்தாவுக்குப் போன் செய்து அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர், "அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்" என்றார். அதை அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

பூஜ்யங்களை நிரப்பிக்கொண்டு வருகிறாயா? பைத்தியம். ஐந்து கட்டத்தைக் காலியாக விட்டால் நீ மிருதங்கத்தையே விழுங்கி ஆடினாலும் மேலே வர முடியாது. கணக்குத் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

மார்ச் போட்டிக்கு என்னை டெக்னிக்கல் மேஜைக்குப் போடவில்லை. நடுவர் வரிசையில் போட்டிருக்கிறார்கள். அதாவது கலை மதிப்பெண். இதைத்தான் நான் வேண்டாம் என்று தவிர்த்துக்கொண்டே வந்தேன். அதுவும் நீ ஆடும் போட்டியில். விலகிக்கொள்ளட்டுமா? நீ வேண்டாம் என்றால் இன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நஸ்ரின்


மேற்கு மாரெட்பள்ளி
26 டிசம்பர் 2025

நஸ்ரின்,

விலகாதே. நீ என் தோழி என்பதைத் தலைமை நடுவருக்கு எழுதித் தெரிவித்துவிடு. அவர் சரி என்றால் உட்கார். இந்த ஆட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான். தெரிந்தவர்கள் எல்லாம் விலகினால் நாற்காலிதான் மதிப்பெண் போட வேண்டும்.

ஏற்றிப் போடாதே. குறைத்தும் போடாதே. ஆடுகிறவளின் காலை மட்டும் பார். நீ குறைத்தால் என் காலில் தப்பு என்று எடுத்துக்கொள்வேன். வேறு யாருடைய எண்ணையும் நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா இப்போது பேசுகிறாள். பொங்கலுக்கு உனக்கு முறுக்கு அனுப்புவாளாம்.

ரோகிணி


டேராடூன் – புனே ரயில்
9 மார்ச் 2026

என் ரோகிணி,

நீ விமானத்தில் போய்விட்டாய், நான் ரயிலில். அரங்கில் உன்னிடம் பேச முடியவில்லை. தலைமை நடுவரின் அறையில் இருந்தேன். என்ன நடந்தது என்பதை வேறு யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது.

நீ தொடங்கும்போது மற்றவர்களுக்குப் போட்ட அதே எண்தான் என் கையில் தயாராக இருந்தது. ஆட ஆட அந்த எண் எனக்குப் பொருந்தவில்லை. முதல் ஜம்ப்பிலிருந்து இறங்கிய அதே பிளேடு ஓரத்திலேயே, காலை மாற்றாமல் திருப்பங்களுக்குள் போனாய். வேகம் குறையவே இல்லை. மிருதங்கம் நின்ற இடத்தில் நீயும் ஒற்றைக் காலில் நின்றாய். எதுவும் செய்யாமல் நின்றாயே, அதற்குத்தான் எத்தனை பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் போட்டதிலேயே உயர்ந்த எண்ணை உனக்குப் போட்டேன். மூன்று பிரிவிலும்.

மற்ற நடுவர்கள் வழக்கமான எண்ணில் நின்றார்கள். தலைமை நடுவர் கூப்பிட்டார். "மேடம், உங்க எண் ரொம்ப மேலே நிக்குது. மத்தவங்களோட ஒத்துப்போகிற மாதிரி கொஞ்சம் இறக்கிடுங்க. பிரச்சினை வேண்டாம்."

ஒரு விஷயம் கேள். எல்லாவற்றிலும் அதிகமான எண்ணையும் குறைந்த எண்ணையும் கணக்கில் சேர்க்காமல் கழித்துவிடுவதுதான் விதி. என் எண் ஏற்கெனவே கழிந்துபோயிருந்தது. உனக்கு அதனால் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. அதை வைத்திருந்தாலும் நீ ஐந்தாவது, எடுத்தாலும் ஐந்தாவது. செல்லாத எண்ணைத்தான் மாற்றச் சொன்னார்.

"மாத்த மாட்டேன் சார்" என்றேன்.

"உங்க ஃப்ரெண்டுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

"அதே ஃப்ரெண்டோட ஆக்செல்லைப் போன வருஷம் வெட்டினதும் நான்தான் சார். அப்ப யாரும் என்னைக் கூப்பிடலை."

விளக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எந்த ஓரம், எந்தத் திருப்பம், எந்தத் தாளம், எல்லாம். உன் உடையின் நிறம்கூட அதில் இல்லை. எழுதி முடித்தபோதுதான் எனக்கே புரிந்தது. அழகை இப்படிப் பார்க்கலாம். முகத்தைத் தொடாமல், பார்த்ததைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு அத்தா கேட்டபோது அந்த ஆளிடம் சொல்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. என்னிடம் இரண்டு பக்கம் இருந்தது.

அடுத்த ஒரு வருஷத்துக்கு என்னை எந்த மேஜையிலும் போடப் போவதில்லையாம். மன்னிப்புக் கேட்டால் குறைப்பார்களாம். கேட்கப் போவதில்லை.

முகாம் போய்விட்டது உனக்கு. அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

நஸ்ரின்


மேற்கு மாரெட்பள்ளி
18 மார்ச் 2026

நஸ்ரினுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தலைமை நடுவர் பேசிய இடம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முடித்ததும், "அந்தப் பொண்ணை இங்க வரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஐந்தாவதாக வந்ததற்கு நான் அழவில்லை என்று எழுத ஆசை. ஊருக்கு வந்த மறுநாள், போலாரம் பஸ்ஸில், யாரும் தெரிந்தவர் இல்லை என்று பார்த்துக்கொண்டு அழுதேன். இறங்கிப் போய் ஆறாம் வகுப்புக்குக் கபடி எடுத்தேன். அடுத்த கோப்பைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். அதே மிருதங்கம். வேண்டுமானால் ஆறாவதாக வருகிறேன்.

இப்போது உனக்கு ஒரு வருஷம் மேஜை கிடையாது. எனக்கு முகாம் கிடையாது. இருவருக்கும் நேரம் இருக்கிறது. ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி சங்கக் கூட்டம். கிருஷ்ணகுமார் சார் திரும்பவும் அந்த விதியைக் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. விளம்பரதாரர்களையும் கூட்டிக்கொண்டு வருவாராம். அதற்குள் நம் விதி ஒன்று தயாராக வேண்டும். கலைக்கு உரிய பங்கு இருக்க வேண்டும். எண் போடுகிற ஒவ்வொரு நடுவரும் எதைப் பார்த்துப் போட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தோற்றம் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது.

கலைப் பகுதியை நீ எழுது. ஜம்ப் பகுதியை நான் எழுதுகிறேன். நான் உன் ஜம்ப்புக்கு அநியாயம் செய்தால் வெட்டு. நீ என் ஸ்டெப்ஸுக்குக் குறைத்தால் நான் வெட்டுகிறேன். தோற்றால் கூட்டத்தில் இருவருமாகத் தோற்கலாம்.

ரயில் விவரம் எழுது. ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் வருகிறேன்.

உன்,
ரோகிணி