ஒண்ணுமில்லீங்க

என் செல்லத் தங்கச்சி சரசுவுக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. நான் உயிரோடு இருக்கிறேன். இதில் என்ன செய்தி என்று கேட்பாய். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை உன்னிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டியவள் நான். உன் மகள் விடவில்லை.

பூங்கொடி இப்போது திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சை மருத்துவர். நீ போனபோது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். முடித்ததும் அவசர மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நம் சொந்தக்காரர்களுக்கு அது விளங்கவே இல்லை. "கண்ணு டாக்டருங்களா, பல்லு டாக்டருங்களா?" என்று ஒருவர் கேட்டார். "எல்லாமுந்தானுங்க. ஆனா மொத ஒரு மணி நேரம் மட்டும்" என்றாள் இவள். அவர் என் பக்கம் குனிந்து, "வேற எடம் கெடைக்கலீங்களா டீச்சர்?" என்றார்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. "இதயத்துக்குப் படிச்சிருக்கலாமே கண்ணு?"

"பெரிம்மா, அம்மா இதய டாக்டர்கிட்டப் போய்ச் சேரவே இல்லியே. வாசல்லயே முடிஞ்சு போச்சு. நா அந்த வாசல்ல நின்னுக்கறேன்."

அந்த வாசலை மறந்திருக்க மாட்டாய். அருள்புரம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றபடியே உனக்கு நெஞ்சை அடைத்தது. சூப்பர்வைசரிடம், "ஒண்ணுமில்லீங்க, கேஸ் ட்ரபுளுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு சோடா குடித்து மறுபடி துணி பார்க்க நின்றாய். கிளினிக்குக்குப் போன பிறகாவது வாயைத் திறந்தாயா? கைக்குழந்தையோடு வந்தவளைக் காட்டி, "அவிங்க மொதல்ல போகட்டுங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று உன் முறையை விட்டுக்கொடுத்தாய். அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்தாய். நம் வலியைச் சொன்னால் அடுத்தவருக்குத் தொந்தரவு என்று நமக்கு யார் சொல்லி வைத்தது, சரசு?

வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், புரியாத பிள்ளைதான் முதலில் தலையாட்டும். அதைத்தான் நான் கரும்பலகைக்குக் கூப்பிடுவேன். முப்பது வருஷம் அந்தத் தலையாட்டலைக் கண்டுபிடித்தவள் நான். அந்தத் திங்கட்கிழமை நானே தலையாட்டினேன்.

பூங்கொடிக்காகப் பருப்பும் வெல்லமும் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டுத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு குன்னத்தூரில் பஸ் ஏறினேன். பாதி வழியில் தாடையும் இடது தோளும் கனத்தன. சேலை நனைய வியர்த்தது. காலையில் தின்ற இட்லி என்று நினைத்துக்கொண்டேன். மருத்துவமனைக்குள் போய் அவசரப் பிரிவில் ஓரமாக உட்கார்ந்தேன். பூங்கொடி, கட்டிங் மெஷினில் விரல் மாட்டிய ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் ஜெபா வந்தாள். பனியன் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பத்துப் பெண். "என்னம்மா செய்யுது?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். சும்மா பூங்கொடியெப் பாத்துட்டுப் போலாம்னு..."

அவ்வளவுதான். "டாக்டர்! 'ஒண்ணுமில்லீங்க' ஒண்ணு வந்திருக்கு!" என்று அந்த அறையே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

அங்கே உன் மகள் வைத்திருக்கும் சட்டம் அது. வியர்த்தபடி எவர் அந்த வார்த்தையைச் சொன்னாலும் உடனே படுக்க வைத்து ஈசிஜி எடுக்க வேண்டும். எனக்கோ வெட்கம். "அவரெ மொதல்ல பாரு கண்ணு, ரத்தம் போகுது" என்றேன். விரல் கிழிந்தவர் அதற்குள் எழுந்துவிட்டார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. டீச்சரைப் பாருங்க."

ஜெபாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எங்க ஊர்ல முள்ளு குத்துனாலே தெருவைக் கூட்டிருவோம். இவங்க நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு மன்னிப்புல்லா கேக்காங்க! பேசாம படுங்கம்மா."

பூங்கொடி என்னை "வலிக்குதா" என்று கேட்கவில்லை. "பெரிம்மா, நேத்து இந்தப் போசியெத் தூக்கிட்டு இத்தன தூரம் நடந்திருப்பீங்களா? இன்னிக்கு முடிஞ்சுதா?" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்ததில் நான்கு இடத்தில் நின்று நின்று வந்திருந்தேன். அதைச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்தது.

ஈசிஜி தாளைப் பார்த்த அவள் முகம் மாறவில்லை. கை மட்டும் வேகமானது. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி ஏறியது. உன் நாடியைப் பிடிக்கக் கிடைக்காத கை, என் நாடியை விடவே இல்லை. கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியபோது, "வந்துட்டீங்க பெரிம்மா" என்றாள். பிறகு ஒரு சுவரோரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, போசியைத் திறந்து ஒப்பிட்டு முழுவதையும் நின்றபடியே தின்றாள். சரசு, நீ பெற்றது சாதாரணப் பிள்ளை இல்லை. உன்னை வாங்கிக்கொண்ட அந்த வார்த்தையையே பிடித்து ஆட்களைத் திரும்ப வாங்குகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டம்மா, "ஒடம்பு எப்படீங்க டீச்சர்?" என்றார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "படி ஏறுனா மூச்சு வாங்குதுங்க" என்றேன். அவர் உடனே என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சுலபமா இது?

வருகிற வெள்ளிக்கிழமை டீ நேரத்தில், நீ நின்ற அதே செக்கிங் டேபிளுக்குப் பூங்கொடியோடு போகிறேன். கம்பெனியில் சம்மதம் வாங்கியாயிற்று. அங்கே நிற்கும் ஒவ்வொரு பெண்ணையும் வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். நம் மரியாதையை விட வேண்டியதில்லை சரசு. "வலிக்குதுங்க" என்றால் போதும். இது உன் மேல் சத்தியம்.

வலியைச் சொல்லப் பழகிவிட்ட உன் அக்கா,
ருக்மணி