கொளுத்திப் பார்க்காத காலர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நலம். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ பாதியில் மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, இத்தனை வருஷம் பஸ் ஓட்டியபோது வராத முணுமுணுப்பெல்லாம் இப்போது மாடிப்படிக்கு ஒன்றாக வருகிறது. என் தையல் கடைக் கதவுக்குப் புது கீல் போட்டாயிற்று, இனிமேல் கிறீச்சிடாது. வேறு நல்ல செய்தி ஒன்றும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ அந்தக் கோட்டுக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாய், நினைவிருக்கிறதா. எங்கேயோ ஒரு நாட்டில் கோட்டுக் காலருக்காக நரிகளைக் கம்பிக் கூண்டில் வளர்க்கிறார்கள், தரையும் கம்பி, நின்று நின்று கால் எல்லாம் புண், ஒன்று அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீதான் சொன்னாய், "வாங்குறவங்க நிறுத்தினா வளர்க்கிறவங்க தானா நிறுத்துவாங்கம்மா" என்று. அதைக் கேட்டுத்தான் மருந்துக் கடைக்காரர் சனிக்கிழமை தோறும் பெரிய துணிக்கடை வாசலில், விலங்கு முடி வைத்த கோட்டை விற்காதே என்று ஆள் சேர்த்து நின்றபோது நானும் போய் நின்றேன். ஊர் வம்பே வேண்டாம் என்று இருந்தவள், வெட்டிப்போட்ட துணிகளை ஒட்டுப்போட்டு நானே பதாகை தைத்தேன், அப்பா எழுத்துக்கு பெயிண்ட் அடித்து ஒரு துணைக்காலை விட்டுவிட்டார். நம் மலையூரில் போன குளிருக்கு நீ அனுப்பிய கோட்டைத்தான் போட்டுக்கொண்டு நிற்பேன். சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி மெத்து மெத்தென்று முடி வைத்த காலர், உள்ளே "செயற்கை இழை, எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை" என்று சீட்டு. மருந்துக் கடைக்காரர் ஒலிபெருக்கியில் என்னைக் காட்டி, "குளிருக்கு முடி வேணும்னா இந்தம்மா போட்டிருக்கிற மாதிரி வாங்குங்க, எந்த உசுரும் போகாது" என்பார். எனக்குத் தலை கால் புரியாது, என் மகள் வேலை செய்யும் கம்பெனி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வேன். அப்பா அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார், நீ "சூப்பர்மா" என்று பதில் போட்டாய். என் கோட்டைப் பார்த்துத்தான் ஒன்பது பேர் என் மூலமாக உன்னிடம் சொல்லி அதே கோட்டை வரவழைத்தார்கள்.

பார்சல் போன வாரம் வந்தது. லைப்ரரியில் வேலை செய்கிற பெண்ணுக்குக் கழுத்து ஒல்லி, காலரை இரண்டு விரல் குறைத்துக் கொடுங்கள் என்று கொண்டுவந்தாள். பிளேடால் தையலைப் பிரித்தேன். முடிக்கு அடியில் நெய்த துணி இருக்க வேண்டும், இருந்தது தோல். உனக்கு என் வேலை தெரியும். கடைக்கு வரும் எந்தத் துணியிலும் இரண்டு இழை உருவிக் கொளுத்திப் பார்க்காமல் இஸ்திரிப் பெட்டியை வைக்க மாட்டேன், பிளாஸ்டிக் இழை என்றால் உருகி உருண்டையாகும், முடி என்றால் கருகிய வாடை வந்து சாம்பலாகும். இதைக் கொளுத்தினேன், கடை முழுக்க முடி கருகும் வாடை. என் கோட்டைக் கொண்டுவந்து அதிலும் இரண்டு முடியைப் பிடுங்கிக் கொளுத்தினேன், அதே வாடை. முப்பது வருஷத்தில் யார் கொடுத்த துணியையும் நம்பாதவள் நீ அனுப்பியதை மட்டும் கொளுத்திப் பார்க்கவில்லை. பெற்ற மகள் அனுப்பியதற்குத் தீக்குச்சி எதற்கு என்று இருந்துவிட்டேன். செத்த நரியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நரிக்காக நியாயம் கேட்டிருக்கிறேன், ஒரு குளிர்காலம் முழுக்க.

கம்பெனி உன்னையும் ஏமாற்றியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன், உன்மேல் பரிதாபப்பட்டுக்கொண்டே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் நீ, "யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேம்மா" என்றாய். அப்புறம், கூண்டு நரி முடிதான் இப்போது செயற்கையை விட மலிவாகக் கிடைக்கிறது என்றாய், எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் என்றாய், சீட்டில் என்ன எழுதுவது என்று பார்ப்பது உன் பிரிவுதான் என்றும் உன் வாயாலேயே சொன்னாய். அந்தச் சீட்டுக்குச் சரி போட்டது நீ. அதுகூட எனக்கு அப்புறம்தான். நான் வாசலில் நிற்கும் படத்தைப் பார்த்தபோது என் கழுத்தில் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் சூப்பர்மா என்று போட்டாயே. வேறு யார் செய்திருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பேன். உன்னைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஒன்பது வீட்டுக்கும் நானே நடந்துபோய்ச் சொல்லிவிட்டேன். அப்பா முழங்காலோடு கூடவே வந்தார். லைப்ரரிப் பெண் அழுதாள், மருந்துக் கடைக்காரர், "உங்க பொண்ணுன்னு வெளியே தெரிய வேணாம், ஏதோ கம்பெனின்னு சொல்லி முடிச்சிடலாம்" என்றார். நல்ல மனுஷன், எனக்காகச் சொன்னார். ஆனால் ஒலிபெருக்கியில் உன் பெருமையைச் சொன்ன வாய், இதை மட்டும் விழுங்குமா. வருகிற சனிக்கிழமை என் கோட்டின் காலரைப் பிரித்து, தோல் தெரியப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். யார் அனுப்பியது என்று கேட்டால் என் மகள் என்பேன். உன் வேலைக்கு ஆபத்து வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லாமல் செய்தால் நீ செய்ததற்கும் நான் செய்வதற்கும் வித்தியாசம் இருக்காது.

இதோடு ஒரு கவர் வரும். பத்துக் கோட்டிலிருந்தும் பிரித்தெடுத்த பத்துச் சீட்டு அதில் இருக்கிறது. அந்த இடத்தில் நான் எதையும் தைக்கவில்லை. உள்ளது உள்ளபடி நீ எழுதி உன் பெயரைப் போட்டு அனுப்பு, நானே தைத்துத் தருகிறேன். அதுவரை இந்த வீட்டுக்கு நீ எதையும் அனுப்ப வேண்டாம், நீ மட்டும் வா. கோபத்திலும் உன் நினைப்புதான், நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு, தூக்கம் வந்தால். மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
(இதைக் கொளுத்திப் பார்க்கத் தேவையில்லை.)