படுக்கை அறை ஜன்னல் விஷயமாக

பூந்தமல்லி
வியாழக்கிழமை மாலை, மஃரிப் தொழுதபின்

அன்பு மச்சானுக்கு ரோஷன் பேகம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் மஹீராவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஷார்ஜாவில் உங்கள் உடம்புக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தால் உங்கள் ரூமில் ஐந்து பேர் கேட்கிறார்கள். நீங்களும் பாதியில் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஹாஜா மொய்தீன் அண்ணன் லீவு முடிந்து ஞாயிறு கிளம்புகிறார். ஒரே கம்பெனிதானே, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன்.

மஹீராவின் வீசிங் விஷயம்தான். ஆறு மாதத்தில் ஐந்து தடவை நெபுலைசர் வைத்தாயிற்று. ஆறு வயதுக் குழந்தைக்கு முதுகெலும்பு தெரிகிறது. மெட்ரோ வேலைத் தூசி என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். லீவுக்கு அண்ணனூரில் என் அக்கா ஜீனத் வீட்டில் பத்து நாள் இருந்தோம் அல்லவா? அங்கே தூசிக்கா குறைச்சல்? ரயில் போனால் சோற்றுத் தட்டில் வந்து விழுகிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஜன்னல், காற்று பாட்டுக்கு வந்து போகிறது. எடுத்துப்போன இன்ஹேலரை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லை. மொட்டை மாடியில் அப்படி ஓடினாள். நம் வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காலை நெஞ்சில் மறுபடியும் விசில் சத்தம்.

இதோ, இருமுகிறாள். பார்த்துவிட்டு வருகிறேன்.

தண்ணீர் கொடுத்தேன், அடங்கியிருக்கிறது. எங்கே விட்டேன்? ஆமாம், டாக்டர் எழிலரசி அம்மா. எந்த நாளில் இருமல் அதிகம் என்று காலண்டரில் குறிக்கச் சொல்லியிருந்தார். போன வாரம் கொண்டுபோய்க் காட்டினால் வெள்ளிக்கிழமை எல்லாம் வட்டம். வியாழக்கிழமை வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து அனுப்புகிற பக்கூர் வாசனைக் கட்டையைத் தணலில் போட்டு, வாசம் வெளியே போகாமல் கதவெல்லாம் சாத்திவிடுவோம் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மழைக்குப் பிறகு அறையில் ஓத வாடை வந்தது. அது போகட்டும் என்று ஒரு துண்டு போடுகிற இடத்தில் இரண்டு துண்டு போட்டவள் நான். நீங்கள் வீடியோவில் புகையைக் காட்டச் சொன்னால் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியவளும் நான்தான். இதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று போடவில்லை. நீங்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மஃரிபிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

ஆனால் வாடை எங்கிருந்து வருகிறது? நேற்று சின்னசாமி மேஸ்திரியைக் கூப்பிட்டு பீரோவை நகர்த்தச் சொன்னேன். போன லீவில் நீங்கள் ஜன்னலை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தீர்களே, அந்தச் சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. மஹீரா தலை வைத்துப் படுப்பது அந்த பீரோவை ஒட்டித்தான். "காத்து போற வழிய அடைச்சிட்டு சொவரு காயலன்னா எப்டிம்மா? அன்னிக்கே சொல்லலாம்னுதான் பாத்தேன், அண்ணாத்தே கோவமா கீறாரேன்னு உட்டுட்டேன்" என்றார் மேஸ்திரி.

தூசி வருகிறது என்றுதான் அன்று சொன்னீர்கள். எதிர் மாடியில் மெட்ரோ வேலை செய்கிற ஆண்கள் குடிவந்து நாலு நாள் ஆகியிருந்தது. தூசிக்கு ஜன்னலைச் சாத்தினால் போதுமே, செங்கல் வைப்பார்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது வருடம் உங்களோடு வாழ்ந்தவள். வலித்தது மச்சான். பதினொரு மாதமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மடிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அத்தா போனில் வரும்போது இருமாதே, அவர் கவலைப்படுவார் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிவைத்தேன். போன வெள்ளிக்கிழமை வாயைப் பொத்திப் பொத்தி அடக்கிக்கொண்டு உங்களுக்கு சலாம் சொன்னாள். முகம் சிவந்து போயிற்று. நீங்கள் பார்த்துவிட்டு, பிள்ளை நல்லா தேறிட்டா என்றீர்கள். போனை வைத்ததும் அவள் பட்ட பாட்டை நான் எழுத மாட்டேன்.

சனிக்கிழமை காலை மேஸ்திரி வருகிறார். ஹாஜா அண்ணன் விமானம் ஏறும்போது செங்கல்லை எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. கொசுவலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன், திரையும் தைத்துவிட்டேன். அதற்கு மேலும் உங்கள் மனசு சமாதானமாகாவிட்டால் அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள். அந்த ஐந்து பேர் நடுவில் வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தம்பி ஃபாரூக்கை அனுப்பி மறுபடியும் அடைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்பது இது ஒன்றுதான்.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீங்கள் வந்து இறங்கும் நாளில் உங்கள் மகள் தெருமுனை வரை ஓடி வர வேண்டும். பாதியில் நிற்காமல் வர வேண்டும்.

உங்கள்
ரோஷன் பேகம்