முதல் ஆயிரம் மைல்

மாட்டுங்கா, பம்பாய்
9-2-1964

சௌபாக்கியவதி நாகலக்ஷ்மிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம். உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் எப்படி இருக்கிறதென்று எழுது.

ஒரு செய்தி. சிரிக்காதே. மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். சிறியதுதான், நூற்று எழுபத்தைந்து சி.சி. நீங்கள் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட வாரமே இதற்குப் பெயர் பதிந்துவைத்தேன். கல்யாணத்துக்கு வராதவன் இதை எந்த முகத்தோடு எழுதுவது என்று எழுதாமலே இருந்துவிட்டேன். போன வாரம் என் முறை வந்தது. வண்டி மாப்பிள்ளைக்கு. மலைக் கிராமங்களுக்கெல்லாம் நடந்துபோய் வைத்தியம் பார்க்கிறார், சர்க்கார் வாகனம் கொடுக்கவில்லை என்று நீ எழுதியது மனதிலேயே இருந்தது.

நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். யுத்த காலத்தில் துறைமுக ஆபீசுக்காக மோட்டார் சைக்கிள் ஓட்டியவன்தானே. மறந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் இது புது இஞ்சின். முதல் ஆயிரம் மைலுக்கு முப்பதுக்கு மேல் வேகம் கூடாது, மலை ஏற்றக் கூடாது என்று புஸ்தகத்தில் போட்டிருக்கிறது. அதை முடித்து, உங்கள் பாதைக்குத் தக்கபடி சில மாற்றங்களும் செய்துகொண்டு, பங்குனிக்குள் வந்துவிடுவேன். நான் செய்வது சரிதானா என்று மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
வேங்கடசுப்ரமணியன்

தேவ்பாடா
21-2-1964

அன்புள்ள அப்பாவுக்கு நாகுவின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். நம்பவே இல்லை. "ஒங்கப்பாவா? ரோட்டக் கடக்கதுக்கே நாலு மட்டம் ரெண்டு பக்கமும் பாக்கிற மனுசன்லா?" என்றார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், பின்புறக் கொட்டகையை அளந்துகொண்டிருக்கிறார், வண்டி நிறுத்த இடம் போதுமா என்று. தாராவியில் இவர்கள் வீட்டில் சைக்கிள்கூட இருந்ததில்லை அப்பா.

இப்போது என் செய்தி. ஆடியில் எனக்குக் குழந்தை பிறக்கும். அம்மா இருந்தால் ஏழாம் மாசம் அவளே வந்து அழைத்துக்கொண்டு போயிருப்பாள். தலைப்பிரசவத்துக்கு யாரும் வந்து அழைக்காமல் நானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்க மாட்டேன். அதனால் நீங்கள் வண்டியை இவரிடம் கொடுத்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு போங்கள். ஜவ்ஹார் வரை பதினோரு மைல் மாட்டு வண்டியில் போய்விடலாம். அங்கிருந்து பஸ், பிறகு ரயில். ஜூனில் மழை பிடித்தால் நடுவில் உள்ள ஆறு பெருகி, யாரும் வரவும் முடியாது போகவும் முடியாது. அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். மாற்றம் ஒன்றும் வேண்டாம், ஓடினால் போதும்.

உங்கள் அன்பு மகள்
நாகு

மாட்டுங்கா
5-4-1964

சௌபாக்கியவதி நாகுவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்த அன்று, உன் அம்மா அம்மிணியின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே படித்தேன். இதைவிட எனக்கு எழுதத் தெரியவில்லை.

வண்டி விஷயம். தினமும் விடிந்ததும் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர் தாண்டி டிராம்பே சாலை. முப்பதுக்கு மேல் முள் போனதில்லை. தாராவி ஓரத்தில் ஜெயினுலாப்தீன் என்பவரின் பட்டறையில்தான் மாற்றங்கள் நடக்கின்றன. ஓடையில் இறங்கினால் தண்ணீர் புகாதபடி சைலன்சரை மேலே தூக்கியாயிற்று. பின்சக்கரத்தில் பல் அதிகமுள்ள செயின் சக்கரம் போட்டிருக்கிறோம். வேகம் குறையும், ஏற்றத்தில் இழுக்கும். சேறு அடைத்துக்கொள்ளாமல் மட்கார்டையும் உயர்த்தச் சொன்னேன். கட்டை கட்டையாக ரப்பர் புடைத்த டயருக்குச் சொல்லியிருக்கிறது, இன்னும் வரவில்லை. ஜெயினுலாப்தீன் கேலிக்காரர். நேற்று, "அய்யரே, இது என்ன வண்டியா, சாமி புறப்பாடா? சைக்கிள்ல கறி கொண்டு போறவன்லாம் ஒம்ம முந்திட்டுப் போறான். கொஞ்சம் முறுக்கும்வே!" என்றார். முறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அறுபது வயசுல நோக்கு எதுக்குடா மோட்டார் சைக்கிள்? யாருக்கு வாங்கினே?" என்று கேட்டார். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். கட்டடம் முழுக்கச் சிரிக்கிறார்கள். பரவாயில்லை.

வைகாசி பிறந்ததும் புறப்படுகிறேன்.

உன் அப்பா

தேவ்பாடா
4-5-1964

அன்புள்ள அப்பா,

நமஸ்காரம். எனக்குக் கால் வீங்குகிறது. மற்றபடி சுகம். இவர் முந்தாநாளும் ஒரு பிரசவம் பார்க்க நடந்தே போய், நேற்று மத்தியானம்தான் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக, "என்ன, ஒங்கப்பாட்ட இருந்து காயிதம் வந்துச்சா? ஒனக்கு நடத்த வேண்டிய சீமந்தத்த அவுக வண்டிக்குல்லா நடத்திக்கிட்டு இருக்காவ!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

அப்பா, வண்டி அங்கேயே இருக்கட்டும். நீங்கள் மட்டும் ரயிலேறி, பஸ்ஸேறி வாருங்கள். ஜவ்ஹாருக்கு மாட்டு வண்டி அனுப்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். பெரியப்பா மேல் மாடியில் இருக்கிறார். நான் வயிற்றுப் பிள்ளையோடு அந்தப் படியில் ஏறினால் அவர் என்ன சொல்வாரோ என்றா தாமதிக்கிறீர்கள்? அப்படியானால் எழுதிவிடுங்கள். நான் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்வேன். தாராவியில் இருக்கும் இவருடைய அத்தை ஆறுமுகத்தாய், "எங்க வீட்டுக்கு வா தாயி, ஒரு ரூம்பு தான், ஆனா மனசு பெருசு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். எனக்கு நம் வீட்டுக்கு வரத்தான் ஆசை.

நாகு

மாட்டுங்கா
31-5-1964

சௌபாக்கியவதி நாகுவுக்கு ஆசீர்வாதம்.

நீ தாராவிக்கெல்லாம் போக வேண்டாம். நான் வருகிறேன்.

டயர் வந்து மாட்டியாயிற்று. செயின் சக்கரம் மாற்றியதால் செயினும் புதிது. புதுச் செயின் முதலில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும்; ஓட்டி, இறுக்கி, மறுபடி ஓட்டிப் பார்க்காமல் மலையில் ஏற்றினால் பாதி வழியில் கழன்றுவிடும். உன்னை அழைத்துவர வருகிறவன் வழியில் நின்றுவிடக் கூடாதல்லவா? ஆயிரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அண்ணாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் கெட்டவரில்லை. ஏழாம் தேதி பாலக்காட்டுக்குப் போகிறார். ஒரு மாதம் இருக்க மாட்டார். நான் பத்தாம் தேதி விடியற்காலையில் புறப்படுகிறேன். நீ வந்து சேர்ந்துவிட்டால், பிறகு அவர் திரும்பி வந்து என்ன சொல்ல முடியும்? குழந்தையைப் பார்த்தால் அவருக்கும் மனம் இளகும். இப்படி யோசித்தது தப்பா என்று தெரியவில்லை. பெட்டியைக் கட்டி வை.

உன் அப்பா

தேவ்பாடா
10-8-1964

அப்பாவுக்கு நமஸ்காரம்.

மழை ஜூன் எட்டாம் தேதியே பிடித்துக்கொண்டது. நீங்கள் புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பியிருப்பீர்கள், இல்லை புறப்பட்டே இருக்க மாட்டீர்கள். ஆறு இரண்டு மாதமும் வடியவில்லை. மே மாதக் கடைசியில் நீங்கள் எழுதிய கடிதம்கூடப் போன வாரம்தான் என் கைக்கு வந்தது.

குழந்தை ஆடி பிறந்து நாலாம் நாள் பிறந்தது. பெண். இவரை ஊர்ப்பக்கத்துச் சின்ன ஓடைக்கு அக்கரையில் ஒரு வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். நடந்து போனவர் நடந்து திரும்புவதற்குள் ஓடையிலும் தண்ணீர் ஏறிவிட்டது. எதிர்க்கரையில் நின்று கத்தினாராம்; எனக்குக் கேட்கவில்லை. இங்கே ஒரு கிழவி வந்து பார்த்தாள். அவளால் ஆனதைச் செய்தாள். குழந்தை சாயங்காலம் வரை இருந்தது. அம்மாவின் மூக்கு.

எனக்கு உடம்பு தேறிவிட்டது. இவர்தான் பேசுவதே இல்லை. நேற்று மட்டும், "ஒரு வண்டி இருந்திருந்தா நான் பொழுதோட வந்திருப்பேன்" என்றார். உங்களைக் குறை சொல்லிச் சொல்லவில்லை. ஆகவே வண்டியை எப்படியாவது அனுப்பிவையுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் இவரிடம் இருக்க வேண்டும்.

நாகலக்ஷ்மி

மாட்டுங்கா
18-10-1964

சௌபாக்கியவதி நாகலக்ஷ்மிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். என்ன எழுதினாலும் அது தப்பாகவே பட்டது.

வண்டி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். ஜவ்ஹார் வரை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். மலை ஏற்றத்தில் ஒரு இடத்திலும் திணறவில்லை. உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். ஜவ்ஹார் பஸ் ஸ்டாண்டில் உங்கள் கம்பவுண்டர் ஷிந்தே மருந்துப் பெட்டியோடு நின்றிருந்தார். வண்டி ஓட்டத் தெரியும் என்றார். "சலோ சாப், பின்னால் உட்காருங்கள், டாக்டர் சாப் சந்தோஷப்படுவார்" என்று எவ்வளவோ கூப்பிட்டார். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி, வண்டியை அவரிடம் ஒப்படைத்து, பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வந்து உன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? மாப்பிள்ளைக்கு எதிரில் எப்படி உட்காருவேன்?

மாப்பிள்ளையிடம் சொல்: பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஊற்றக் கூடாது. சேற்றில் போய் வந்தால் அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். ஆற்றில் இறங்கி ஏறியதும் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே கொஞ்சதூரம் போனால் ஈரம் காயும். இழுவை குறைந்தால் பயப்பட வேண்டாம், சைலன்சரில் கரி பிடித்திருக்கும், கழற்றிச் சுரண்டினால் போதும். உபரி பிளக்கு ஒன்று சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். இப்போது எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தை மாதம் அவசியம் வருகிறேன்.

அப்பா

தேவ்பாடா
2-11-1964

அப்பாவுக்கு,

வண்டி வந்தது. நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இவர் ஒரு பாறை விடாமல் ஏற்றிப் பார்த்துவிட்டு, "மாமா கை வச்ச எடத்துல ஒரு ஆணி ஆடல" என்றார். குழந்தை போனபிறகு இவர் நீளமாகப் பேசியது அன்றுதான். போன வாரம் மேல்பாடாவில் ஒருத்திக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளையைத் துடைத்து என் கையில்தான் கொடுத்தார்கள்.

ஷிந்தே எல்லாம் சொன்னார். உங்கள் பஸ் சாயங்காலம்தான் வந்ததாமே. மத்தியானம் முழுக்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தீர்களாம். டீ வாங்கிக் கொடுத்தாராம். இந்தப் பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

வைகாசி முழுக்க, ஏற்றத்தில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வேலை செய்தேன். லாரி போனால்கூட வாசலுக்கு ஓடினேன். கட்டிய பெட்டியைப் பிரிக்காமலே பிள்ளை பெற்றேன். அதற்கெல்லாம் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது என்று இருந்துவிட்டேன். ஆனால் இந்தத் தடவை மழை இல்லை. ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பெரியப்பாவும் ஜவ்ஹாரில் இல்லை. நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம் அப்பா. வந்து உட்கார்ந்திருந்தால் போதும். நான் சாதம் போட்டிருப்பேன்.

உங்களுக்கு வயிறு எப்படி இருக்கிறது? வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடியுங்கள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் கடிதம் எழுதுங்கள். நானும் தவறாமல் பதில் எழுதுகிறேன். வருகிறேன் என்று மட்டும் இனிமேல் எழுதாதீர்கள்.

நாகலக்ஷ்மி கணேசபாண்டியன்