சாயங்காலத்து இடது கண்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மகள் சரண்யா ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கலர்ப் பெட்டியை இன்று திறந்தேன். பென்சில், சார்கோல், வாட்டர் கலர், ஆயில் பேஸ்டல் எல்லாம் புதுசாகவே இருக்கிறது. போனில் வீடியோ பார்த்து முகம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன். நாற்பத்தொரு வயதில் இது என்ன கூத்தடி செல்வி என்று நானே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே பென்சிலைச் சீவினேன்.

காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். "முடிஞ்சுதா? கரும்புக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்று பத்து தடவை கேட்டிருப்பார். மூக்கு கத்தரிக்காய் மாதிரி வந்திருக்கிறது. கண் இரண்டும் பரவாயில்லை, ஒரே அளவு. வீடியோக்காரர் சொன்னபடி ஓரத்தில் தேதியும் நேரமும் போட்டேன்.

5 பிப்ரவரி, புதன்

அங்கன்வாடி வேலை முடிந்து, துணி துவைத்து, ஆறு மணி ஆகிவிட்டது. இன்று சார்கோல். கை, ரவிக்கை, மூக்குநுனி எல்லாம் கரி. ஆனால் என்ன அழகாக நிழல் விழுகிறது! விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் கன்னம் எழுந்து வருகிறது.

இடது கண்தான் கெட்டுவிட்டது. இமை பாதி இறங்கிக் கிடக்கிறது. அழித்து மேலே ஏற்றினேன். ஏற்றினால் வேறு யாரோ. இறக்கினால்தான் அவர்.

6 பிப்ரவரி, வியாழன்

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் சார்கோல், மறுபடியும் அதே கண். "அந்தக் கரிக்கு எம்மேல இன்னாடி கோவம்?" என்று சிரித்தார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் வாட்டர் கலர். கலர் ஓடிப்போய் மீசை தாடியாகிவிட்டது. ஆனாலும் கண் இரண்டும் சரி! ஆகக் குற்றம் சார்கோல் மேல்தான். முரட்டுச் சாமான், இமை மாதிரிச் சின்ன வேலைக்கு ஆகாது. நிம்மதி.

11 பிப்ரவரி, செவ்வாய்

அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் தையலம்மாள் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்த சார்கோல் படத்தைப் பார்த்ததும் கீரையைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னாடி செல்வி இது? உசுரோட இருக்கிறவன கரியில வரைவாங்களா? மால ஒண்ணுதான் பாக்கி. என் தம்பிய இன்னா பண்ணலாம்னு இருக்க?"

அதெல்லாம் சும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். மாமனார் படம். காரியத்தன்று மாட்டியது. கறுப்பு வெள்ளையில் தலை மட்டும், கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு. எங்கள் ஊர் ஏம்பலத்தில் எந்த வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு முகம் இருந்தால் அது போய்ச் சேர்ந்தவர் முகம்தான். நான் வரைந்ததும் அதே அளவு, அதே கறுப்பு. கண் வேறு மூடப்போகிற மாதிரி.

எனக்கு ஏன் இது முன்னாடியே தோணல?

12 பிப்ரவரி, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. புரையேறவில்லை, சும்மா வந்தது. "ஒண்ணுமில்ல" என்றார். குரல் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. ஜலதோஷம் இல்லை.

விடிந்ததும் முதல் வேலை, அந்த இரண்டு படத்தையும் அடுப்பில் வைக்க வேண்டும்.

13 பிப்ரவரி, வியாழன்

வைத்துவிட்டேன். முகம் சுருண்டு எரிந்ததைப் பார்த்திருக்கவே கூடாது. அய்யோ, என்ன காரியம் செய்தேன்? வரைந்தது பாவமா, எரித்தது பாவமா?

14 பிப்ரவரி, வெள்ளி

சாயங்காலம், ஆயில் பேஸ்டல். கலர்தான், கரி இல்லை. சட்டைக்குக்கூட மஞ்சள் அடித்தேன். இடது கண் இறங்கிவிட்டது.

கரி இல்லையே. அப்புறம் எப்படி?

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் அதே பேஸ்டல், அதே நாற்காலி. கண் சரியாக இருக்கிறது.

மிச்சமிருக்கும் நான்கு தாளையும் தரையில் பரப்பி, ஓரத்தில் போட்ட நேரத்தைப் பார்த்தேன். ஏழு, ஏழரை, ஏழு. கண் விழுந்ததில் மட்டும் மாலை ஆறேகால். எரித்த இரண்டும் ஆறு மணிக்கு வரைந்தவை, இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஞாயிறென்றால் காலையில் வரைகிறேன், வேலைநாள் என்றால் சாயங்காலம். சாமானை மாற்றி மாற்றிப் பழி போட்டுக்கொண்டிருந்தேன். மாறியது சாமான் இல்லை.

 

17 பிப்ரவரி, திங்கள்

பிடித்து வைத்துக் கேட்டேன். முதலில் முறைத்தார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பொழுது சாய்ந்தால் எதிரே வரும் வண்டியின் ஒரு லைட் இரண்டாகத் தெரிகிறதாம். சோறு மென்றால் பாதியில் தாடை ஓய்ந்துவிடுகிறதாம். மூன்று மாதமாக!

"ஏன் சொல்லல?"

"காலைல சரியாப்பூடுது செல்வி. சரியாப்போற ஒண்ண இன்னான்னு சொல்றது?"

மூணு மாசமா ரெண்டு லைட்டப் பார்த்துகினு பாகூர் ரோட்டுல வண்டி ஓட்டியிருக்காரு இந்த மனுஷன். எந்த லைட்டு நெசம்னு எப்படிக் கண்டுபிடிச்சாரு?

18 பிப்ரவரி, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குப் பக்கத்து கிளினிக். கண், நாக்கு, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். ஒன்றுமில்லையாம், அசதியாம். காலையில் போனால் எப்படித் தெரியும்? இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் போனில் போட்டோ எடுக்கப் பார்த்தேன். போட்டோ என்றாலே மனிதர் புருவத்தைத் தூக்கிக் கண்ணை உருட்டுவார், கல்யாண ஆல்பத்தில்கூட அப்படித்தான். அந்த ஒரு நொடிக்குக் கண் திறந்துகொள்கிறது. அரைமணி நேரம் உட்காரவைத்து, வேஷம் கலைந்த பிறகு பார்த்தால்தான் தெரிகிறது.

19 பிப்ரவரி, புதன்

நாளை மறுநாள் டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. எரித்ததற்குப் பதிலாக ஒன்று வேண்டும். அதுவும் சார்கோலில்தான். பென்சில் என்றால் நான் ரப்பரை வைத்து ஒப்பேற்றிவிடுவேன், வாட்டர் கலர் என்றால் அழகு பண்ணிவிடுவேன். கரியில்தான் எனக்கு நிழல் பொய் சொல்லாமல் வருகிறது.

சாயங்காலம் குச்சியை எடுத்துவிட்டுக் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பயம். வேறு என்ன? அப்படி இல்லை என்று புத்திக்கு எட்டினாலும், நாம் வரைந்துதான் வந்துவிட்டதோ என்ற பயம் நெஞ்சை விட்டுப் போகவில்லை. தையலம்மாள் வந்துவிடாமல் கதவைத் தாழ்போட்டேன்.

"பயப்புடாத செல்வி, வரை" என்றார். மூக்கால் பேசுகிற குரலில்.

பார்த்ததை மட்டும் வரைந்தேன். இமை, அது தொங்கும் இடம், உதட்டின் இடது ஓரம். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. முடித்ததும் பாத்ரூமில் போய் அழுதேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

டாக்டர் சின்னப் பெண், சரண்யாவைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். வார்த்தையால் சொல்லத் தெரியாமல் ஐந்து தாளையும் தேதிவாரியாக மேஜைமேல் வைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஓரத்திலிருந்த நேரங்களை விரல் வைத்துப் படித்தார்.

"மேலே பார்த்துக்கினே இருங்கண்ணா, கண்ணை எடுக்காதீங்க."

ஒரு நிமிஷம். இடது இமை தானாக இறங்கியது, காலை பதினொரு மணிக்கு! பிறகு கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு அந்தக் கண்மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்தால் கண் திறந்திருக்கிறது.

நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராத கோளாறாம். உழைக்க உழைக்கச் சோர்ந்துவிடுமாம். மாத்திரை இருக்கிறது. ஆனால் கவனிக்காமல் விட்டால் மூச்சுவிடும் தசைவரைக்கும் போகுமாம். அதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். நெஞ்சில் ஒரு சுரப்பியை ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

26 பிப்ரவரி, புதன்

ஸ்கேனில் கட்டி இல்லை. கட்டி இல்லை. கட்டி இல்லை.

3 மார்ச், திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, போனில் அலாரம். அது அடிக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவருக்கு ஒன்றும் இல்லை, டீ குடிக்கிறார்.

12 மார்ச், புதன்

சாயங்காலம் தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கரியிலேயே போடு" என்றார். தையலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டு அங்கேயே இருந்தார். வாய் முணுமுணுத்தது, ஆனால் தடுக்கவில்லை.

இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது. இடது கண் ஒரு நூல் சின்னது. பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் அந்த ஒரு நூலையும் அப்படியே போட்டேன்.

முடித்ததும் தையலம்மாள் எழுந்து வந்து படத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா செவுத்துல மட்டும் மாட்டாதடி, கும்புட்டுக் கேக்கறேன்."

வீட்டுக்காரர் என் கையிலிருந்த கரிக்குச்சியை வாங்கினார். படத்துக்கு அடியில், கோணல் மாணலாக, பெரிசு பெரிசாக எழுதினார்.

"சாயந்தரம் 6.10. உசுரோட உக்காந்துகினுதான் கீறேன். இப்படிக்கு, அருள்முருகன்."

"இப்ப மாட்டலாமாக்கா?" என்று கேட்டார். குரல் மூக்கால் வரவில்லை.

ஆணியைத் தையலம்மாளே எடுத்துக் கொடுத்தார்.